தெம்புப் பொடி

கேழ்வரகை வறுக்கும்போது அடுப்பைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர். பெரிதாக எரியவிட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். கை விடாமல் கிளறினால் ஒரு கட்டத்தில் அடுப்படி முழுக்க வாசம் எழும்பும், அப்போது இறக்கிவிட வேண்டும். நிலக்கடலையைத் தனியாக, பொட்டுக்கடலையைத் தனியாக வறுக்க வேண்டும். முருங்கைக்கீரையை நிழலில்தான் காயவைக்க வேண்டும். குன்னூரில் அதற்கென்ன பஞ்சம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஊரே நிழல்தான்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. என் பெயர் தங்கையா. தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வார்டில் இறந்துபோன ஃபரீத் பாயின் சிநேகிதன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பளிக் குல்லாயோடு நின்றுகொண்டிருந்த கிழவன் என்றால் உங்களுக்கு ஞாபகம் வரலாம். அவர் ஏன் அத்தனை சீக்கிரம் போனார் என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் வாய்க்குள் பூனை நுழைந்தால் சிறுத்தையாகத்தான் வெளியே வரும். கொழுந்தை மோந்து பார்த்தே, அதைப் பறித்த பெண் காலையில் புருஷனோடு சண்டை போட்டாளா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று ஃபேக்டரியில் அளந்துகொண்டிருந்தேன். பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் அன்றைக்குச் சண்டை போட்டவர்கள். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஏனென்றால் என் பேச்சை எப்படிக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். என் சம்சாரம் பாலாமணி, நான் எதைச் சொன்னாலும், "ஏனுங்க, இதுல தண்ணி எத்தனை பங்குங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு காது கொடுப்பாள். ஃபரீத் பாய்க்கு அவருடைய கணக்கு. "யோவ் டீமேக்கரு, உன் பேச்சு நுரை கட்டின டீ. ஊதிட்டுத்தான் குடிக்கோணும்" என்பார். சொல்லிவிட்டு நிஜமாகவே என் முகத்துக்கு நேரே ஊதுவார்.

அவர் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு, மகளும் கல்யாணமாகிப் போய்விட, அவரும் அவர் சம்சாரம் சுரையாவும்தான் வீட்டில். காலையில் பார்க்கில் நடக்கிற கிழவர்கள் ஏழெட்டுப் பேர் நாங்கள். அவலாஞ்சியில் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து வந்த இசக்கிமுத்துவும் அதில் ஒருவர். நடப்பது பாதி, பெஞ்சில் உட்கார்ந்து நான் அளப்பதைக் கேட்பது பாதி.

போன மழைக்காலத்தில் முழங்கால் வீங்கிப்போய் வீட்டோடு கிடந்தேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஸ்டீராய்டு, கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றார். வீக்கம் வடிந்ததும் சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும், நாம் பாட்டுக்குத் தொடரவும் கூடாது, அது உடம்பின் எதிர்ப்பு சக்தியை அமுக்கிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மாத்திரை அருமையாக வேலை செய்தது. வலி போன இடம் தெரியவில்லை. பசியென்றால் அப்படி ஒரு பசி. இளவட்டம் மாதிரி பார்க்குக்குப் போனேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என்னய்யா சாப்பிட்டே என்று கேட்டார்கள். மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாத்திரையில் கதை இல்லையே, டாக்டர்.

அப்போது வீட்டில் பாலாமணி அரைத்து வைத்த சத்துமாவு ஒன்று இருந்தது. நான் அதைத் தெம்புப் பொடி ஆக்கினேன். அதில் சேர்க்கிற தவிட்டுப்பழத்தை அவலாஞ்சிக் காட்டு ஓரத்தில், காட்டெருமை காவல் நிற்கிற புதருக்குள் கையை விட்டுப் பறித்ததாகச் சொன்னேன். பொடி சிந்திய இடத்தை நக்கிய எருமை ஒன்று மறுநாள் மூன்று வரிசைத் தேயிலையைத் தாண்டிக் குதித்து, போகிற போக்கில் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனதாகவும் சொன்னேன். பழம் மார்க்கெட்டில் வாங்கியது. எருமையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மன்னியுங்கள்.

எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தேன். காசு வாங்கவில்லை. பத்து நாள் போயிருக்கும், பெஞ்சில் வைத்து இசக்கிமுத்து சொன்னார்: "யோவ் தங்கையா, உம்ம பொடியைத் தின்னு முழங்கால் வலி அப்பிடியேதான்யா இருக்கு. ஆனா கக்கூசுக்கு ஓடற வேகம் மட்டும் கூடியிருக்கு." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கதைக்குச் சிரிப்பவர்களைப் பார்த்தே பழகியவன், அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது வேறு மாதிரி இருந்தது.

அடுத்த தடவை அரைக்கும்போது, மிளகோடு சேர்த்து அந்த வெள்ளை மாத்திரைகளையும் போட்டு அரைத்தேன்.

இதை எப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். என் தொழில் அப்படி. டீத்தூள் என்பது ஒரே இலை இல்லை. இந்தச் சரிவின் தூளில் நிறம் இருக்கும், அந்தச் சரிவின் தூளில் மணம் இருக்கும், மட்டமான தூளில் ஒரு கை நல்ல தூளைச் சேர்த்தால் மொத்தமும் எழுந்து நிற்கும். குடிப்பவருக்கு எது எழுப்பியது என்று தெரியாது, தெரியவும் கூடாது. அதைத்தான் கலவை என்கிறோம். நான் ஒரு கை சேர்த்தேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் டாக்டர், சாயம் போட்ட தூளை ஈரத் தாளில் கொட்டிக் கண்டுபிடித்து, அதைக் கொண்டுவந்த வியாபாரியை ஊரே பார்க்க ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நிறுத்தியவனும் நான்தான். கலவைக்கும் கலப்படத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. இதை நான் மிகைப்படுத்தவில்லை.

பொடி பிடித்துக்கொண்டது. இசக்கிமுத்து படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கினார். ஒருவருக்கு ஆஸ்துமா அடங்கியது, இன்னொருவர் மூன்றாவது தோசை கேட்டாராம். தங்கையா அண்ணன் பொடி இருந்தால் சளி காய்ச்சல் எட்டிப் பார்க்காது, எதிர்ப்பு சக்தி அப்படி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஊட்டி, ஒரு வாரம் கோத்தகிரி, ஒரு வாரம் மேட்டுப்பாளையம் என்று பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி வந்தேன். ஒரே கடையில் வாங்கினால் கேள்வி கேட்பார்கள். பாலாமணியிடம், பஸ்ஸில் குலுங்கினால் முழங்காலுக்கு நல்லது என்றேன். "தண்ணி எத்தனை பங்குங்க?" என்றாள்.

ஃபரீத் பாய்க்கு இருமல் விடாமல் இருந்து, மாலையில் காய்ச்சல் வந்து, எடை இறங்கி, கடைசியில் சளியைப் பரிசோதித்து டி.பி. என்று சொன்னது இந்தச் சமயத்தில்தான். உங்கள் காசநோய்ப் பிரிவிலிருந்து சரிதா என்ற பெண் அவர் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். நல்ல பெண். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, தினமும் முட்டை, பருப்பு, நிலக்கடலை சாப்பிடச் சொன்னாள்.

"சாப்பாடு நல்லா இருந்தாத்தான் உடம்பு கிருமியோட சண்டை போடும் பாய். ஆனா சண்டையை முடிக்கறது மாத்திரைதான். ஒருநாள் கூட விடக் கூடாதுங்க."

"சண்டைன்னா இவரைக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று பாய் என்னைக் காட்டினார். "வாயாலயே கிருமியைக் கொன்னுபோடுவாரு."

அதுவரை பாய் சீண்டாமல் வைத்திருந்த என் பொடி டப்பாவை நீட்டினேன். என்ன இருக்கிறது என்று சரிதா கேட்டாள். கேழ்வரகு, கடலை, முருங்கைக்கீரை, தவிட்டுப்பழம், சுக்கு, மிளகு என்று சொன்னேன். நல்லதுதானே, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மேல் குற்றம் இல்லை. நான் சொன்ன எல்லாமே அதில் இருந்தன.

டி.பி. மாத்திரை பாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல், வாந்தி. மூத்திரம் சிவப்பாகப் போகிறது என்று பயந்தார். அதெல்லாம் மாத்திரையின் நிறம்தான், கொஞ்ச நாளில் உடம்பு பழகிவிடும் என்று சரிதா சொன்னாள். என் பொடியோ ஒரே வாரத்தில் அவரை எழுப்பி உட்கார வைத்தது. காய்ச்சல் விட்டது. சுரையா வைத்த கறிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டார். கிருமி சாகவில்லை, காய்ச்சல்தான் அமுங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கோயம்புத்தூர் டாக்டர் சொன்னது காதில்தான் இருந்தது. ஆனால் அவர் சாப்பிடுவதைப் பார்க்க அத்தனை நன்றாக இருந்தது.

ஒருநாள் பெஞ்சில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. பாய் கேட்டார்:

"டீமேக்கரு, விளையாட்டு வேண்டாம். உன்னை ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. அந்த மாத்திரையை முழுங்கினா உசுரு போயி உசுரு வருது. உன் பொடியைத் தின்னா மனுசனா இருக்கேன். மாத்திரையை விட்டுட்டு இதை மட்டும் தின்னாப் போதுமா?"

அவர் ஊதவில்லை, டாக்டர். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக, நான் சொல்லப்போவதை ஊதாமல் குடிக்கத் தயாராக இருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது.

"போதும் பாய்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். மசினகுடியில் ஒரு ஜீப் டிரைவருக்கு இதே நோய், இதே பொடியில் குணமாகி, இப்போது யானை துரத்தினால் யானைக்கு முன்னால் ஓடுகிறான் என்றும் சொன்னேன். அப்படி யாரும் இல்லை.

அன்றிலிருந்து அவர் மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். சுரையாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர் முகம் நிறைந்து வந்தது. கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாகி, பளபளவென்று ஆனது. பார்க்கில் எல்லோரும், "பாயி மாப்பிள்ளை ஆயிட்டாரு, சுரையாக்காகிட்டச் சொல்லி வைக்கோணும்" என்று கிண்டல் செய்தார்கள். எங்கள் ஊரில் உடம்பு தேறியதா என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். முகத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், மற்றதெல்லாம் ஸ்வெட்டருக்குள் இருக்கிறது. ஒருநாள் அவர் ஸ்வெட்டரைக் கழற்றியபோது நான் பார்த்தேன். கை இரண்டும் விறகுக் குச்சி மாதிரி இருந்தன.

சரிதாவும் பார்த்துவிட்டாள். "பாய், முகம் ஊதுது, கை கால் சூம்புதே. வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா? மூட்டு வலிக்கு, வீசிங்குக்குன்னு யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"இல்லம்மா. நம்ம டீமேக்கரு பொடி மட்டும்தான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கப்பா, அந்தப் பொடியில நீங்க சொன்னதைத் தவிர வேற எதுவும் இல்லீங்களே?"

அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்திருக்காது. சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். பார்க்கில் என்னை எல்லோரும் காறித் துப்பியிருப்பார்கள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். அப்படிப் பார்க்கிற அளவுக்கு நேரம் இருந்தது. அவள் காத்திருந்தாள்.

"ஏலக்காய் கொஞ்சம் சேர்ப்பேன் கண்ணு. சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

மறுபடியும் சளி எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கொடுப்பதற்கு முன்பே அவர் ரத்தமாக இருமினார். உங்களிடம் கொண்டு வந்தோம்.

இனி நடந்தது உங்களுக்குத் தெரியும், பாதி மட்டும். நீங்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள். அவர் விழுங்கும் நிலையில் இல்லாததால் பொடி நின்றுபோயிற்று. ஒரே நாளில், சட்டென்று. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அதை ஏற்றுவதற்கு நீங்கள் மருந்து போட்டீர்கள், ஏறவில்லை. வெளியே வந்து, "இவர் வேற மருந்து ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாட்டு மருந்து, பொடி, எதுவா இருந்தாலும் பரவாயில்லை, யாரும் திட்ட மாட்டோம்" என்று எங்கள் இருவரிடமும் கேட்டீர்கள்.

சுரையா என்னைப் பார்த்தார். என் பெயருக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதே என்று அவர் பார்த்தார். நீங்கள் பொடியைக் குறை சொல்லிவிடுவீர்களோ என்று எனக்காகப் பயந்தார், டாக்டர்.

பொடியோடு சேர்ந்து எது சட்டென்று நின்றுபோயிருக்கிறது என்பது அந்த வராந்தாவில் நின்றிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். "சத்துமாவு மட்டும்தாங்க" என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனீர்கள். விடிவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சுரையா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பிடிக்கிறவர் இல்லை. "கடைசி வரைக்கும் அவரு வாய்க்கு ருசியாச் சாப்பிட்டாரு அண்ணே. அது உங்களாலதான்" என்றார். நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பார்க்குக்குப் போகவில்லை. பேசவும் பிடிக்கவில்லை. நான் வாயே திறக்காமல் இருப்பதைப் பார்த்து பாலாமணி பயந்துபோய், "ஏதாவது பொய்யாச்சும் சொல்லுங்க" என்றாள்.

நான் கெட்டவன் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். ஆனால் யாரையும் சாகடிக்க நினைத்ததில்லை. மற்றவர்களிடம் பொடி தீர்ந்துவிட்டது, இனி அரைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இசக்கிமுத்து மிச்சம் வைத்திருந்ததும் தீர்ந்துபோய், இரண்டு நாளாகத் தலைசுற்றுகிறது என்று படுத்திருக்கிறாராம், அவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளை எரித்துவிட்டேன். முழுவதும் எரிக்கவில்லை, கொஞ்சம் வைத்திருந்தேன். அது கடைசியில் சுரையாவுக்குப் போனது.

அவர் கேட்டார். வீட்டில் டி.பி. இருந்ததால் அவருக்கும் வராமல் தடுக்க மாத்திரை போட வேண்டும் என்று சரிதா சொன்னாளாம். எனக்கெதுக்கும்மா, எங்க அண்ணன் பொடி இருக்கு என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு டப்பா வேண்டும் என்றார். இந்த முறை மாத்திரை சேர்க்காமல், சுத்தமான கேழ்வரகும் கடலையும் மட்டும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது. திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டு அனுப்பினார். "அண்ணே, இது அந்தப் பொடி இல்லீங்களே. அவரு தின்னப்போ நானும் மிச்சம் மீதியைத் தின்னேன், கை கால் வலி ஒண்ணும் தெரியல. இது சும்மா மாவாட்டம் இருக்கு. அவருக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்க."

எதனால் வித்தியாசம் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தால், யோசனை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போனேன். கேழ்வரகை வறுத்தேன். அடுப்பைச் சின்னதாக வைத்து, அவசரப்படாமல்.

அதெல்லாம் ஆகி ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். நேற்று டப்பா காலியாகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்த சுரையாவின் முகம் வட்டமாகி இருந்தது. "உக்காருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்து இருமினார். கொஞ்ச நாளாகவே இருக்கிறதாம்.

வீடு பெட்ஃபோர்டுக்குக் கீழே, பச்சைக் கேட். பொடியைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அதை எப்படி நிறுத்துவது என்று உங்களுக்குத்தான் தெரியும். தினமும் காலையில் பாலில் கரைத்து ஒரு கரண்டி சாப்பிடுகிறார். இன்றைக்கும், நான் உங்கள் முன்னால் உட்கார்ந்து எருமைக் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், சாப்பிட்டு முடித்திருப்பார். இதைத்தான் நான் உள்ளே வந்ததும் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் முதலிலேயே சொல்லியிருந்தால் மிச்சத்தைக் கேட்க நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.